முதலில் நரைப்பது எது?

பழைய சினிமாப் படம் ஒன்றைப் பார்க்கும்போது அதில் முதலில் கிழடு தட்டித் தெரிவது எது? உடை என்று சிலர் சொல்வார்கள். மோட்டார் வண்டிகள், தலை வாரும் தினுசு, சுழற்றும் டெலிபோன் என்று வேறு சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உடையும் வண்டியும் சில வருஷ காலத்துக்குப் பழசாகத் தெரியும். அப்புறம் அவை சரித்திரமாகிவிடும். பாட்டியின் பட்டுப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பேத்தி ஆசையோடு கட்டிக்கொள்வதில்லையா, அந்த மாதிரி. உண்மையில் முதலில் நரைப்பது, படம் வெளிவந்த நாளில் "இதுவரை இப்படிப் பார்த்ததே இல்லை" என்று எல்லோரும் மெச்சிய புது வித்தைதான். அதிலும் கொள்ளை, துரத்தல், துப்பாக்கி என்று விறுவிறுப்பை நம்பி எடுத்த படங்களில் இந்த நரை சீக்கிரமே விழுந்துவிடுகிறது.

இதைப் பொதுவாகச் சொன்னால் வாசகர்கள் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் சரித்திரம் சில சமயம், ரசாயனக் கூடத்தில் வாத்தியார் இரண்டு கண்ணாடிக் குழாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது போல, இரண்டு விஷயங்களை ஒன்றாக நிறுத்திக் காட்டிவிடுகிறது. 1968-ம் வருஷம் ஹாலிவுட்டில் அப்படி ஒரு சோதனை யாரும் திட்டமிடாமலே நடந்தது.

அந்த வருஷம் ஜூன் மாதம் 'தி தாமஸ் கிரவுன் அஃபேர்' என்ற படம் வெளிவந்தது. அக்டோபரில் 'புல்லிட்' வெளிவந்தது. இரண்டிலும் கதாநாயகன் ஸ்டீவ் மக்வீன். முதல் படத்தின் கதையை எழுதியவர் பாஸ்டன் நகரத்து வக்கீலான ஆலன் ட்ரஸ்ட்மன்; இரண்டாவது படத்தின் திரைக்கதையிலும் அவருக்குப் பங்கு உண்டு. போதாதென்று, இரண்டு படங்களுக்கும் எழுத்துகள் ஓடும் முகப்பை அமைத்தவரும் ஒருவரே: கியூபாவில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த பாப்லோ ஃபெரோ. ஒரே நடிகன், ஒரே கதாசிரியன், ஒரே முகப்புக் கலைஞன், ஒரே வருஷம். டைரக்டர்கள் மட்டும் வேறு. முன்னதை எடுத்தவர் கனடாவைச் சேர்ந்த நார்மன் ஜூயிஸன். பின்னதை எடுத்தவர் இங்கிலாந்திலிருந்து வந்த பீட்டர் யேட்ஸ்.

முதல் படத்தின் வித்தையை முதலில் சொல்கிறேன். திரையில் ஒரு படம் ஓடுவதற்குப் பதிலாக, திரையைப் பல கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வெவ்வேறு காட்சியை ஒரே நேரத்தில் ஓட விட்டார்கள். கட்டங்கள் பெரிதாகும், சிறிதாகும், நகரும், மறையும். ஒரு கட்டம் திடீரென்று வளர்ந்து திரை முழுவதையும் விழுங்கிவிடும்.

இந்த எண்ணம் அன்று முளைத்தது அல்ல. 1913-லேயே லோயிஸ் வெபர் என்ற அம்மாள் 'சஸ்பென்ஸ்' என்ற சிறு மௌனப் படத்தில் திரையை மூன்றாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். வீட்டில் குழந்தையோடு தனியே இருக்கும் பெண் ஒரு பக்கம் கணவனோடு டெலிபோனில் பேசுகிறாள். ஆபீஸிலிருக்கும் கணவன் இன்னொரு பக்கம். வீட்டுக்குள் நுழைய வழி தேடும் நாடோடி மூன்றாவது பக்கம். 1927-ல் பிரெஞ்சு டைரக்டர் ஆபெல் கான்ஸ் தமது 'நெப்போலியன்' படத்தின் முடிவுக்கு மூன்று திரைகளை வரிசையாக நிறுத்தி, மூன்று யந்திரங்களைக் கொண்டு ஓட்டினார். 1966-ல் ஜான் ஃப்ராங்கன்ஹைமர் எடுத்த 'கிராண்ட் பிரீ' என்ற மோட்டார்ப் பந்தயப் படத்திலும் ஸால் பாஸ் என்ற கலைஞர் திரையைத் துண்டு துண்டாகப் பிரித்து அசத்தியிருந்தார்.

ஆனால் ஜூயிஸனுக்கு நேரடியாகத் தூண்டுதல் தந்தது 1967-ல் கனடாவில் மாண்ட்ரீல் நகரத்தில் நடந்த உலகக் கண்காட்சி. ஐந்து கோடிப் பேர் வந்து பார்த்த கண்காட்சி அது. திரும்பிய இடமெல்லாம் சினிமாத் திரைகள்; ஒவ்வொரு கூடமும் மற்றக் கூடத்தை மிஞ்சப் பார்த்தது. அங்கே ஒண்டாரியோ மாகாணத்துக் கூடத்தில் கிறிஸ்டோபர் சாப்மன் என்பவர் எடுத்த பதினெட்டு நிமிஷத்துக்கும் குறைவான ஒரு படம் ஓடியது. 'எ ப்ளேஸ் டு ஸ்டாண்ட்' என்று பெயர். காடும் வயலும் தொழிற்சாலையும் மனிதர்களும் ஒரே திரையில் பல கட்டங்களாக விரிந்து விரிந்து மடிந்தன. விளக்கவுரை என்று ஒரு வார்த்தை கிடையாது. அந்தப் படத்துக்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. ஜூயிஸன் அதே ஒண்டாரியோவில், டொரண்டோவில் பிறந்தவர். தமது வங்கிக் கொள்ளைக் கதையில் இந்த வித்தையைக் கையாளலாம் என்று அவரும், அவருடைய எடிட்டிங்கைக் கவனித்த ஹால் ஆஷ்பியும் தீர்மானித்தார்கள். கட்டங்களை அமைக்கும் வேலை பாப்லோ ஃபெரோவிடம் வந்தது.

இன்று சிறு பையன் கூடக் கையிலிருக்கும் போனில் இரண்டு விரலால் இதைச் செய்துவிடுவான். அன்று கம்ப்யூட்டர் உதவி கிடையாது. ஒவ்வொரு காட்சியையும் வேண்டிய அளவுக்குச் சிறிதாக்கி, மற்ற இடங்களை மறைப்புப் போட்டு மூடி, ஒரே ஃபிலிமில் மறுபடி மறுபடி படம் பிடிக்க வேண்டும். ஒரு கட்டம் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். படத்தைப் படம் பிடிப்பதால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தெளிவு குறைந்து, பொடி பொடியாகப் புள்ளி தட்டும். அந்தக் கலைஞர்கள் பட்ட பாட்டைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. பாடுபட்டதெல்லாம் நிலைக்குமா என்பதுதான் கேள்வி.

இனிக் கதையைப் பார்க்கலாம். தாமஸ் கிரவுன் பெரிய பணக்காரன். படிப்பு, செல்வாக்கு, மாளிகை எல்லாம் இருக்கின்றன. பொழுது போகவில்லை. ஒருவரை ஒருவர் முன்பின் பார்த்திராத ஆட்களைத் தனித்தனியே அமர்த்தி, தன் முகத்தையும் அவர்களுக்குக் காட்டாமல், பட்டப்பகலில் ஒரு வங்கியைக் கொள்ளையடிக்கச் செய்கிறான். இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியின் சார்பில் துப்புத் துலக்க விக்கி என்ற பெண் வருகிறாள். ஃபே டன்னவே நடித்த பாத்திரம். அவன்தான் திருடன் என்று அவள் சட்டென்று கண்டுகொள்கிறாள். அவளுக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். அப்புறம் இருவருக்கும் இடையே ஏற்படுவது காதலா, வேட்டையா என்பதுதான் கதை. நல்ல கதை. நாவலாக வந்தாலும் படிக்கத் தக்க கதை.

கொள்ளைக் காட்சியில் கட்டங்கள் பிரிவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஒருவரை ஒருவர் அறியாத மனிதர்கள் வெவ்வேறு திசையிலிருந்து ஒரே நிமிஷத்துக்கு ஒரே இடத்துக்கு வந்து சேருகிறார்கள். அவர்கள் தனித்தனிப் பெட்டிகளில் அடைபட்டிருப்பது கதைக்குப் பொருத்தம். லோயிஸ் வெபர் அம்மாளின் மூன்று பிரிவுகளைப் போல, இங்கேயும் பிரிவுக்கு ஒரு காரணம் இருக்கிறது.

ஆனால் கிரவுன் போலோ ஆடும் காட்சியைப் பாருங்கள். குதிரைக் குளம்பு ஒரு கட்டத்தில், மட்டை ஒன்றில், அவன் முகம் ஒன்றில், அவனைப் பார்க்கும் அவள் முகம் ஒன்றில். கட்டங்கள் பெருகிக் கொண்டே போகின்றன; ஒரே படம் பல தடவை அச்சடித்த தபால் தலைத் தாள் மாதிரி திரை நிரம்புகிறது. இதில் நமக்குப் புதிதாக என்ன தெரிந்தது? அவன் போலோ ஆடுகிறான், அவள் பார்க்கிறாள் என்பதுதான். அதை ஒரே கட்டத்தில் சொல்லியிருக்கலாம். 1968-ல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது பிரமிப்பாக இருந்திருக்கும். இன்று பார்க்கிறவனுக்கு அந்தப் பிரமிப்பு கிடைக்காது. 'ஓகோ, அந்தக் காலத்து மோஸ்தர்' என்ற எண்ணம்தான் வருகிறது. கல்யாண வீட்டு வர்ண விளக்குத் தோரணத்தை மறுநாள் காலை வெயிலில் பார்ப்பது போல: கம்பியும் காகிதமும் கண்ணாடிக் குமிழும் தெரிகின்றன.

படம் வெளிவந்த வருஷமே இதைச் சிலர் கண்டுகொண்டார்கள். சிகாகோ நகரத்து விமர்சகர் ராஜர் ஈபர்ட், அப்போது தொழிலுக்குப் புதியவர், கதையில் பஞ்சம், படப்பிடிப்பில் ஊதாரித்தனம் என்ற பொருள்பட எழுதினார். பார்க்க அழகாக இருக்கிறது என்பதை அவரும் மறுக்கவில்லை.

வித்தை ஏன் இவ்வளவு சீக்கிரம் நரைத்தது? முதல் காரணம், அதைத் திருடுவது சுலபம். கதையையோ ஒரு நடிகையின் முகபாவத்தையோ பிறர் எடுத்துக்கொள்ள முடியாது, மினுக்கை எடுத்துக்கொள்ளலாம். 1967-ல் தொடங்கிய 'மானிக்ஸ்' என்ற டெலிவிஷன் துப்பறியும் தொடரின் முகப்பிலேயே திரை கட்டம் கட்டமாகப் பிரிந்தது. 1978-ல் 'டல்லாஸ்' என்ற தொடர் வந்தபோது, ஒவ்வொரு நடிகரையும் அறிமுகப்படுத்தத் திரையை மூன்று நெடும் பட்டைகளாகப் பிரித்து நகர்த்தினார்கள். மாண்ட்ரீலில் கோடிப் பேர் வரிசையில் நின்று பார்த்த அதிசயம் பதினோரு வருஷத்தில் கூடத்துச் சோபாவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. இரண்டாவது காரணம், அகன்ற வெள்ளித் திரைக்கென்று அளந்து வைத்த கட்டங்கள் டெலிவிஷன் பெட்டிக்குள் வரும்போது சுருங்கி, எதில் யார் இருக்கிறார்கள் என்று கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டியதாகிறது.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. விறுவிறுப்பான கதையின் உயிர், ஆபத்தில் இருக்கும் ஒரு மனிதனுக்காக நாம் பயப்படுவது. அந்தப் பயம் ஒரு சமயத்தில் ஒரு மனிதன் மேல்தான் நிலைக்கும். திரை பன்னிரண்டாகப் பிரிந்தவுடன் மனசு பயப்படுவதை விட்டுவிட்டு எண்ண ஆரம்பித்துவிடுகிறது. எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று கண் அலைகிறது. இதை எப்படிச் செய்தார்கள் என்று புத்தி கேட்கிறது. அந்தக் கேள்வி எழுந்த இடத்தில் கிரவுன் பிடிபடுவானா என்ற கவலை இருக்க முடியாது.

இனி 'புல்லிட்'டுக்கு வருவோம். இதில் மக்வீன் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்துப் போலீஸ் அதிகாரி. கதையை ஒரு முறை பார்த்துப் புரிந்துகொள்வது சிரமம். யார் யாரை ஏன் கொன்றார்கள் என்று இரண்டாம் தடவை பார்த்தாலும் கொஞ்சம் குழம்பும். கதைக் கட்டு என்று பார்த்தால் கிரவுன் கதைதான் உயர்ந்தது என்பேன். ஆனாலும் இந்தப் படம் மூப்படையவில்லை. அமெரிக்க நாட்டின் காங்கிரஸ் நூல் நிலையம் பாதுகாத்து வைக்கும் படங்களின் பட்டியலில் இது 2007-ல் சேர்ந்தது.

இந்தப் படம் பிரசித்தி பெற்றதற்குக் காரணம் சுமார் பதினொரு நிமிஷம் நடக்கும் ஒரு மோட்டார்த் துரத்தல். யேட்ஸ் இதற்கு முந்திய வருஷம் இங்கிலாந்தில் 'ராபரி' என்ற படத்தை எடுத்திருந்தார். 1963-ல் நடந்த பெரிய ரயில் கொள்ளையைத் தழுவிய கதை. லண்டன் தெருக்களில் நடக்கும் ஒரு துரத்தல் அதில் உண்டு. அதைப் பார்த்துத்தான் மக்வீன் தரப்பில் அவரைக் கூப்பிட்டார்கள்.

அந்தத் துரத்தல் எப்படித் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். முதலில் கறுப்பு டாட்ஜ் வண்டி பச்சை மஸ்டாங் வண்டியைப் பின்தொடர்கிறது. லாலோ ஷிஃப்ரினின் இசை மெதுவாகக் கூடவே வருகிறது. பிறகு வேட்டை திசை மாறுகிறது, துரத்தினவர்கள் துரத்தப்படுகிறார்கள். டாட்ஜ் ஓட்டுகிறவன் இருக்கைப் பட்டையை இழுத்து மாட்டிக்கொள்கிறான். வண்டி பாய்கிறது, இசை நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் என்ஜின் சத்தமும் டயர் கிறீச்சிடுவதும் தவிர வேறொன்றும் இல்லை. தோன்றிய உணர்ச்சியைத் தூக்கிக் காட்ட வயலின் இல்லை, கட்டங்கள் இல்லை. வண்டிகள் அந்த ஊரின் செங்குத்தான தெருக்களில் இறங்கும்போது நம் வயிறு காலியாகிறது. மணிக்கு 110 மைல் வரை வேகம் போயிற்று என்கிறார்கள். டாட்ஜை ஓட்டியவர் பில் ஹிக்மன். படத்தில் வரும் ஆளும் அவரே. மஸ்டாங்கைச் சில இடங்களில் மக்வீன் ஓட்டினார். மிக அபாயமான இடங்களில் பட் எக்கின்ஸ் ஓட்டினார்.

இந்தக் காட்சியில் பிழைகளுக்குக் குறைவில்லை. பச்சை நிற ஃபோக்ஸ்வாகன் வண்டி ஒன்றை இவர்கள் திரும்பத் திரும்பத் தாண்டுகிறார்கள். டாட்ஜின் சக்கரங்கள் நான்கு. அதிலிருந்து தெறித்து ஓடும் சக்கர மூடிகளோ நான்குக்கு மேல். ஒரு திருப்பத்தில் மக்வீன் வேகம் தாங்காமல் தெருவைத் தவறவிட்டு, டயர் புகைய நின்று, பின்னால் வந்து மறுபடி திரும்புகிறார். அது திட்டமிட்டதல்ல, உண்மையான தவறு. அதை வெட்டாமல் படத்தில் வைத்துக்கொண்டார்கள். எடிட்டர் ஃப்ராங்க் கெல்லருக்கு இந்தப் படத்துக்காக ஆஸ்கார் பரிசு கிடைத்தது. பரிசு பெற்ற எடிட்டிங்கில் எண்ணிக் காட்டத்தக்க பிழைகள் இருக்கின்றன; யாருக்கும் கவலை இல்லை. ஏனென்றால் அந்தத் தெருவும் அந்தச் சரிவும் அந்தப் பாரமான இரும்பும் மெய்யானவை. அது ஓடும்போது உள்ளே மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை நாம் ஒரு கணமும் மறப்பதில்லை.

துரத்தலை விட எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. புல்லிட் கடைக்குப் போய், சூடு பண்ணிச் சாப்பிடும் தயார் உணவுப் பொட்டலங்களைப் பார்க்காமலே ஒன்றின் மேல் ஒன்றாக எடுத்து அடுக்குகிறான். சில விநாடிதான். ஒரு வார்த்தை இல்லை. தனி ஆளின் ராத்திரிச் சாப்பாடு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு இவன் உயிர் ஆபத்தில் சிக்கும்போது, நாம் பயப்படுவது அந்தப் பொட்டலங்களை அடுக்கிய மனிதனுக்காகத்தான்.

இதை வைத்து, அலங்காரமே கூடாது என்று நான் வாதாடுவதாக நினைக்க வேண்டாம். 'புல்லிட்'டின் முகப்பிலும் ஃபெரோ எழுத்துகளை நகர்த்தி, அவற்றின் வழியாகவே அடுத்த காட்சியைக் காட்டி விளையாடியிருக்கிறார். முகப்பு முடிந்தவுடன் விளையாட்டும் நின்றுவிடுகிறது. கதை அதன் போக்கில் போகிறது. வாசலில் கோலம் அழகு. அதே கோலத்தைச் சாப்பாட்டு இலையின் மேல் யாரும் போடுவதில்லை. 'தாமஸ் கிரவுன்' படத்திலேயே நரைக்காத இடமும் இருக்கிறது. கிரவுனும் விக்கியும் எதிரெதிரே உட்கார்ந்து சதுரங்கம் ஆடும் காட்சி. பேச்சே இல்லை. காய், விரல், உதடு, கண், மறுபடி காய். இங்கே ஒரு சமயத்தில் ஒரு படம்தான் திரையில் இருக்கிறது. இந்தக் காட்சியையும் அன்று துணிச்சலான பாணி என்றுதான் சொன்னார்கள். ஆனால் இந்தப் பாணி இரண்டு மனிதர்களைக் காட்டுகிறது. போலோக் காட்சியின் பாணி தன்னையே காட்டிக்கொள்கிறது.

பிற்காலத்திலும் இதே கதை நடந்தது. 1999-ல் 'தி மேட்ரிக்ஸ்' படத்தில் நூற்றுக்கு மேற்பட்ட காமிராக்களை வளைவாக நிறுத்தி, பாயும் குண்டும் வளையும் உடலும் அந்தரத்தில் நிற்க, பார்வை மட்டும் சுற்றி வருவதாகக் காட்டினார்கள். இரண்டே வருஷத்தில், 2001-ல் வந்த 'ஷ்ரெக்' என்ற கேலிச் சித்திரப் படத்தில் ஓர் இளவரசி அந்தரத்தில் நின்று அதைப் பரிகாசம் செய்தாள். 'தி மேட்ரிக்ஸ்' அதைத் தாங்கிக்கொண்டது. நாம் காணும் உலகமே பொய், அதன் விதிகளை வளைக்கலாம் என்பது அதன் கதை, ஆகவே வித்தைக்குக் கதையில் வேர் இருந்தது. அதைக் காப்பியடித்த படங்களில் அந்த வேர் இல்லை. அவற்றின் பெயரே பலருக்கு இன்று ஞாபகம் இல்லை.

கதை எழுதுகிறவர்களுக்கும் படிக்கிறவர்களுக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எழுத்திலும் திரையைப் பன்னிரண்டாகப் பிரிக்கிற நடை உண்டு. நூதனமான வாக்கியம், எதிர்பாராத உவமை, காலத்தைப் புரட்டிப் போடுகிற உத்தி. பத்திரிகையில் வருகிற வாரத்தில் நாலு பேர் பேசுவார்கள். இருபது வருஷம் கழித்து அந்த உத்தியை மட்டும் ஞாபகம் வைத்திருந்து, கதைக்குள் இருந்த மனிதர்களை மறந்துவிடுவார்கள். நஷ்டம் ஆசிரியருக்கு மட்டும் இல்லை. 'தாமஸ் கிரவுன்' படத்தின் கடைசியில் விக்கி போலீசாரோடு கல்லறைத் தோட்டத்தில் காத்திருக்கிறாள். அவன் வருவானா, வந்தால் பிடிபடுவானா, எது நடக்க வேண்டும் என்று அவளுக்கே நிச்சயம் இல்லை. அவனுடைய கார் வருகிறது, அவன் வரவில்லை. வேறொரு ஆள் ஒரு தந்தியைக் கொண்டுவந்து கொடுக்கிறான். கடமையைச் செய்து முடித்துவிட்டுத் தோற்றுப்போன பெண்ணின் முகம் அது. 'ஓ, அந்தக் கட்டம் கட்டமாக வருகிற படமா' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறவர்களுக்கு அந்த முகம் கிடைப்பதில்லை.

வாசகர்களுக்கு ஓய்வான ஒரு சாயங்காலம் கிடைத்தால் இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முதலில் ஜூயிஸனுடையது, அப்புறம் யேட்ஸுடையது. முதல் படத்தில் கட்டங்கள் பிரியும்போது கொஞ்சம் பொறுமையாக இருங்கள். அவை சேர்ந்த பிறகு வரும் முகங்களைத் தவறவிடாதீர்கள். இரண்டாவது படத்தின் முடிவில் புல்லிட் வீட்டுக்கு வந்து, தூங்குகிறவளை எழுப்பாமல், குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டு கண்ணாடியில் தன்னைப் பார்க்கிறான். அந்த இடத்தில் காமிரா செய்வதற்கு ஒன்றும் இல்லை. அது ஒன்றும் செய்யாமல் இருப்பதையும் கவனியுங்கள்.